ரொமான்டசி நாவல்கள்: எதைக் காசு கொடுத்து வாங்கலாம், எதை விட்டுவிடலாம்? (கதை உடையும், கவனம்)

நூலகப்பூனை:
காதலும் மாயமும் கலந்த நாவல்களைப் பற்றி வரும் பதிவுகள் பெரும்பாலும் ரெண்டே வகை. ஒன்று "கதறிட்டேன், அஞ்சு ஸ்டார்". இல்லையென்றால் "குப்பை". வாங்கப் போகிறவருக்கு ரெண்டுமே உதவாது. எது ஏன் பிடித்தது, எங்கே இடித்தது என்று விலாவாரியாகப் பேசத்தான் இந்த இழை. முடிச்சுகள் உடையும். படிக்காத புத்தகத்தின் பெயர் வந்தால் தாண்டிப் போய்விடுங்க.

என் அளவுகோல் ஒன்றுதான்: ரெண்டு பேரும் சேரவிடாமல் தடுப்பது எது? அந்தத் தடை அந்த உலகத்தின் விதியிலிருந்தே வந்தால் நாவல் நிற்கும். பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும் என்றால், எத்தனை டிராகன் பறந்தாலும் சரிந்துவிடும்.

ரெபெக்கா யாரோஸின் 'ஃபோர்த் விங்' (2023) இதில் தேறுகிறது. டிராகன் வீரர்களைப் பழக்கும் போர்க் கல்லூரியில் நடக்கும் கதை. நாயகி வயலட்டின் அம்மா தளபதி. நாயகன் ஸேடனின் அப்பா அந்த அரசுக்கு எதிராகக் கலகம் செய்து கொல்லப்பட்டவர். இது பழைய குடும்பப் பகைதான், புதுசு ஒன்றுமில்லை. ஆனால் ஆசிரியர் அதோடு விடவில்லை. வயலட்டைத் தேர்ந்தெடுக்கும் டிராகன் டெர்ன். ஸேடனுடைய டிராகன் ஸ்கேயல் அதன் இணை. ரெண்டு டிராகன்களும் சில நாட்களுக்கு மேல் பிரிந்திருக்க முடியாது. டிராகன் செத்தால் அதன் வீரரும் பிழைக்க மாட்டார். ஆக, அவள் உயிர் போனால் சங்கிலி மாதிரி அவன் உயிர் வரைக்கும் போகும். கொல்ல நினைத்தவனே காவல் காக்க வேண்டியதாகிறது. "ஏன் எப்போதும் ரெண்டு பேரும் ஒரே இடத்தில் இருக்காங்க?" என்ற கேள்விக்கு இந்த வகை நாவல்களில் பாதி தற்செயலைத்தான் பதிலாகத் தரும். இங்கே அந்த உலகத்தின் சட்டமே பதில்.

அடுத்து வந்த 'அயர்ன் ஃபிளேம்' (அதே 2023, நவம்பர்) சறுக்குகிறது. முதல் பாதி முழுக்க ஒரே சண்டை: "என்னிடம் எல்லாத்தையும் சொல்லு", "நீ கேள், சொல்றேன்". நாலைந்து தடவை அதே வசனம் வேறு வேறு அறைகளில் வருகிறது. போதாக்குறைக்கு ஸேடனுக்கு முன்பு நிச்சயமான பெண் கேட் வருகிறாள். அவளுக்குப் பிறர் உணர்ச்சியைத் தூண்டிவிடும் சக்தி. இதை வைத்து எவ்வளவோ செய்திருக்கலாம். பொறாமைக் காட்சிகளோடு நின்றுவிட்டது.

'ஆனிக்ஸ் ஸ்டார்ம்' (ஜனவரி 2025) விசித்திரமான கேஸ். தடை என்று பார்த்தால் மூன்றில் இதுதான் உச்சம்: ஸேடனே வெனினாக மாறிவிட்டான். அவர்கள் எதிர்த்துப் போராடும் எதிரி இப்போது அவன் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. கட்டுமானம் என்று பார்த்தால் மூன்றில் இதுதான் மோசம். வயலட்டின் இன்னொரு டிராகனான ஆண்டார்னாவின் இனத்தைத் தேடித் தீவு தீவாகப் போகிறார்கள். ஒவ்வொரு தீவிலும் ஒரு புது ராஜா, புது விதி, புதுச் சோதனை. அடுத்த தீவுக்குக் கிளம்பியதும் முந்தியது மறந்து போகிறது. முக்கிய முடிச்சு இருநூறு பக்கம் ஓரமாக உட்கார்ந்திருக்கிறது.

கருஞ்சிறகு:
காதல் பகுதி சரி, ஃபேன்டசி பகுதியில் ரொம்பத் தாராளமாக மார்க் போட்டுவிட்டீர்கள். எல்லையில் சண்டை நடந்துகொண்டிருக்கும் நாடு, படையில் சேர வரும் இளைஞர்களை முதல் நாளே குறுகலான கல் பாலத்தில் நடக்கவிட்டு, விழுந்தவன் செத்தான் என்று விட்டுவிடுமா? காலாட்படைக்கு அனுப்பினால் கூட ஆள் மிச்சம். வகுப்புக்குள்ளேயே ஒருத்தரை ஒருத்தர் கொல்ல அனுமதி வேறு. படை திரட்டும் நாடு மாதிரியே இல்லை, ரியாலிட்டி ஷோ மாதிரி இருக்கிறது.

பேச்சு நடையும் உறுத்தல். வாளும் கோட்டையும் உள்ள உலகத்தில் எல்லாரும் இன்றைய அமெரிக்கக் கல்லூரி விடுதிப் பிள்ளைகள் மாதிரிப் பேசுகிறார்கள்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பாலத்தில் பயத்தை அடக்க வயலட் தன் நாட்டு வரலாறு, புவியியல் தகவல்களை வாய்க்குள் ஒப்பித்துக்கொண்டே நடப்பாள். எழுத்தராகப் போகவேண்டிய பெண், படித்தது அவ்வளவும் மனப்பாடம். உலகத்தைப் பற்றி வாசகருக்குச் சொல்லவேண்டியதை மூன்று பக்க விளக்கமாகக் கொட்டாமல், கால் நடுங்கும் காட்சிக்குள்ளேயே வைத்தது கெட்டிக்காரத்தனம். முதல் நூறு பக்கம் பறப்பதற்குக் காரணம் இந்த உத்திதான்.

நூலகப்பூனை:
@கருஞ்சிறகு, டிராகன்கள் எண்ணிக்கையில் குறைவு, பலவீனமானவர்களை அவையே எரித்துவிடும், அதனால் வடிகட்டல் என்று புத்தகம் ஒரு சமாதானம் சொல்கிறது. போதுமா என்றால் போதாது. ரியாலிட்டி ஷோ குற்றச்சாட்டை ஏற்கிறேன்.

ஆனால் இன்னொரு நல்ல இடத்தை விட்டுவிட்டீர்கள். வயலட்டின் மூட்டுகள் எளிதில் விலகும், எலும்பு சட்டென்று முறியும். மற்போரில் ஜெயிக்க வாய்ப்பே இல்லை. யாரோடு மோதப் போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, எதிராளியின் சாப்பாட்டில் அளவாக விஷம் கலந்து அவர்களைத் தளர வைக்கிறாள். பலவீனமான நாயகி திடீரென்று வாள்வீச்சில் கில்லாடி ஆகிவிடும் வழக்கமான கதையைவிட இது எவ்வளவோ மேல். அடுத்த ரெண்டு பாகங்களில் இந்தத் தந்திர மூளை மங்கி, மின்னல் சக்தி அந்த இடத்தைப் பிடித்துவிட்டதுதான் வருத்தம்.

தாழம்பூ:
சாரா ஜே. மாஸ் பற்றி யாரும் ஆரம்பிக்கலையா? சரி, நானே பிள்ளையார் சுழி போடறேன்.

முதல்ல வரிசை, ஏன்னா பாதிப் பேர் இதிலேயே குழம்பறாங்க. 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்' தொடர்ல இதுவரை அஞ்சு: 2015, 2016, 2017, நடுவுல 2018ல ஒரு குறுநாவல், அப்புறம் 2021ல 'சில்வர் ஃபிளேம்ஸ்'. 'கிரெசென்ட் சிட்டி' மூணு: 2020, 2022, 2024. கிரெசென்ட் சிட்டி ரெண்டாம் புத்தகத்தோட கடைசிப் பக்கங்கள்ல நாயகி ப்ரைஸ் வந்து விழற இடம் முதல் தொடரோட உலகம். அதனால அந்த அஞ்சையும் முடிச்சுட்டுத்தான் இதைத் தொடணும். மாத்திப் படிச்சா அந்த அதிர்ச்சி வெறும் "யாருப்பா இவங்க?" ஆயிடும்.

'த்ரோன் ஆஃப் கிளாஸ்' தனி. 2012ல தொடங்கி 2018ல முடிஞ்சது, முன்கதைத் தொகுப்பு 'தி அசாசின்ஸ் பிளேட்' சேர்த்து எட்டு. இதுல எல்லாரும் மாட்டற இடம் ஒண்ணு இருக்கு. 'எம்பயர் ஆஃப் ஸ்டார்ம்ஸ்' பயங்கரமான இடத்துல நிக்கும். அடுத்த புத்தகம் 'டவர் ஆஃப் டான்' அதைத் தொடராம வேற கண்டத்துக்கு, கேயலோட கதைக்குப் போயிடும். கடுப்பாகி அதைத் தாண்டி நேரா கடைசிப் புத்தகத்துக்குப் போறவங்க நிறைய. போகாதீங்க. தேவதை ராணி மேவ் உண்மையில யாருங்கிற முக்கியமான உண்மை இந்தப் புத்தகத்துலதான் உடையுது. ரெண்டு கதையும் ஒரே காலத்துல நடக்கறதால, அத்தியாயம் மாத்தி மாத்தி ரெண்டையும் சேர்த்துப் படிக்கற பட்டியல்கள் வாசகர்கள் போட்டு வச்சிருக்காங்க. ரெண்டாவது தடவை படிக்கறவங்களுக்கு அது ஓகே. முதல் தடவைன்னா ஒண்ணு முடிச்சு இன்னொண்ணு.

இப்ப கருத்து. 'தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்' முதல் பாதி மந்தம், வெட்கமே இல்லாத மந்தம். அழகியும் மிருகமும் கதையை மாளிகைக்குள்ள நடத்திக்கிட்டே இருக்கும். மலைக்கடியில மூணு சோதனை தொடங்கற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கணும். ரெண்டாவது புத்தகம்தான் இந்தத் தொடரோட பேரைக் காப்பாத்துச்சு. நூலகப்பூனை சொன்ன விதி இங்க அப்படியே பொருந்தும்: நாயகி ஃபேராவோட முறிஞ்ச கையைச் சரிபண்ணினதுக்கு விலையா, மாசத்துல ஒரு வாரம் ரீஸான்டோட அரண்மனைக்கு வந்தாகணும்னு ஒப்பந்தம். முதல் புத்தகத்துக் காதலன் டேம்லின் அவளைப் பாதுகாப்புன்னு சொல்லி வீட்டுக்குள்ள பூட்டறான். எதிரின்னு நினைச்சவன் எழுதப் படிக்கச் சொல்லித்தர்றான். மனசு மாறறதுக்கு ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் கிடைக்குது.

கருஞ்சிறகு:
'சில்வர் ஃபிளேம்ஸ்' பற்றியும் சொல்லுங்கள். என் கணக்கில் மாஸ் எழுதியதில் நேர்மையான காதல் கதை அதுதான். ஃபேராவின் அக்கா நெஸ்டாவுக்குத் தடை வெளியில் இல்லை, அவள் கோபமும் குற்றவுணர்வும்தான். மலை உச்சி வீட்டிலிருந்து ஊருக்கு இறங்கப் பத்தாயிரம் படி. குடிக்கப் போகவேண்டும் என்றால் இறங்கித்தான் தீரவேண்டும். முதலில் கொஞ்ச தூரத்திலேயே கால் மடங்கித் திரும்புகிறாள். புத்தகம் முழுக்க அந்தப் படிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவள் மாறுகிறாள் என்று எங்கேயும் அறிவிக்கத் தேவையே இல்லை, எத்தனை படி இறங்கினாள் என்பதே போதும்.

தாழம்பூ:
படி விஷயம் சூப்பர்தான். ஆனா அதே புத்தகத்துலதான் ரீஸான்டைக் கெடுத்து வச்சாங்க. பிரசவத்துல உசுருக்கே ஆபத்துன்னு தெரிஞ்சும் ஃபேராகிட்ட சொல்லாம மறைக்கறான், சுத்தி இருக்கறவங்களும் வாயை மூடிக்கறாங்க. டேம்லின் செஞ்சா கொடுமை, இவன் செஞ்சா அக்கறையா? மூணு புத்தகமா "நீயே முடிவு பண்ணு"ன்னு பேசின ஆளு. கடைசில எல்லாரும் மன்னிச்சு மறந்துட்டாங்க. நம்ம ஆன்லைன் நாவல்கள்ல "ஆன்டி ஹீரோ"ன்னு போர்டு மாட்டிட்டு வர்றவங்களாவது முதல் அத்தியாயத்துலயே தெரிஞ்சுடுவாங்க.

அரைத்தூக்கம்:
இடையில் ஒரு சந்தேகம். பத்தாவது படிக்கிற பிள்ளை இன்ஸ்டாவில் பார்த்துவிட்டு இந்த டிராகன் புத்தகம் கேட்டால் கொடுக்கலாமா? அட்டையைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

நூலகப்பூனை:
@அரைத்தூக்கம், அட்டையை நம்பவே நம்பாதீங்க. 'ஃபோர்த் விங்' பெரியவர்களுக்கான நாவல். மூன்றில் இரண்டு பங்கு தாண்டிய பிறகு படுக்கையறைக் காட்சிகள் ஒளிவுமறைவில்லாமல் வரும். ரத்தமும் சாவும் முதல் அத்தியாயங்களிலேயே. மாஸ் விஷயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். 'தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்' ஆரம்பத்தில் பதின்வயதினர் அலமாரியில் விற்ற புத்தகம். 2020ல் அட்டையை மாற்றிப் பெரியவர்கள் பக்கம் கொண்டுபோனார்கள். பழைய பதிப்பு கையில் கிடைத்தால் சின்னப் பிள்ளைகள் புத்தகம் என்றே தோன்றும். 'சில்வர் ஃபிளேம்ஸ்' அந்தத் தொடரிலேயே வெளிப்படையானது.

பத்தாவதுக்கு என்றால் ரெபெக்கா ராஸின் 'டிவைன் ரைவல்ஸ்' (2023). பதின்வயதினருக்கான நாவல். போர்க் காட்சிகள் கனமானவை, குடிப்பழக்கத்தால் தாய் இறப்பதும் உண்டு. அதை மட்டும் முன்னாடியே சொல்லிவிட்டுக் கொடுங்க.

மீன்கொத்தி:
'டிவைன் ரைவல்ஸ்' பெயர் வந்ததால் உள்ளே வருகிறேன். அண்மைக்கால நாவல்களில் ஒரு பொருளை வைத்து இவ்வளவு கச்சிதமாகக் காதலை நடத்திய புத்தகம் குறைவு. அந்தப் பொருள் தட்டச்சு இயந்திரம். ஐரிஸும் ரோமனும் ஒரே பத்திரிகை அலுவலகத்தில் ஒரே பதவிக்குப் போட்டியிடுபவர்கள். போருக்குப் போன அண்ணனுக்கு ஐரிஸ் கடிதம் தட்டச்சு செய்து அலமாரிக் கதவின் அடியில் தள்ளுகிறாள். கடிதம் மாயமாகிவிடுகிறது. அது போய்ச் சேருவது ரோமனின் அறைக்கு. அவன் 'கார்வர்' என்று கையெழுத்திட்டுப் பதில் போடுகிறான்.

இதில் ஆசிரியர் சரியாகச் செய்தது, யாருக்கு எப்போது தெரிகிறது என்ற கணக்கு. ரோமனுக்கு முதலிலேயே தெரியும், ஐரிஸுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். பகலில் அலுவலகத்தில் முறைப்பு, இரவில் காகிதத்தில் மனசு. இந்த இடைவெளியைக் கொஞ்சம் கூடுதலாக நீட்டியிருந்தால் ரோமன் ஏமாற்றுக்காரன் ஆகியிருப்பான். சீக்கிரம் உடைத்திருந்தால் கடிதங்களுக்கு வேலையே இருந்திருக்காது. அவன் தன் பத்திரிகை வேலையை விட்டுப் போர்முனைக்கு அவளைத் தேடி வருவதால்தான் அந்தப் பொய்யை மன்னிக்க முடிகிறது.

இடிக்கும் இடம் போர். பதுங்கு குழி, நச்சு வாயு, முதல் உலகப் போர் மாதிரியான சூழல் கண்முன் நிற்கிறது. ஆனால் டேக்கர், என்வா என்ற ரெண்டு தெய்வங்கள் எதற்காக மோதுகின்றன என்பது துண்டுதுண்டான புராணக் கதையாகத்தான் வருகிறது. மனிதர்கள் ஏன் ஒரு பக்கம் சேர்ந்து சாகிறார்கள் என்பதற்குப் பதில் வலுவில்லை. இரண்டாம் பாகம் 'ரூத்லெஸ் வவ்ஸ்' அந்தப் பதிலைத் தரப் பார்க்கிறது. கூடவே ரோமனின் நினைவை அழித்து, காதலை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. நினைவிழப்பு உத்தி இந்தத் துறையில் தேய்ந்துபோன செருப்பு. இரண்டு பாகமும் சேர்த்து ஒரே கதைதான். முதல் பாகம் அந்தரத்தில் தொங்கும். வாங்கினால் இரண்டையும் வாங்குங்கள்.

கருஞ்சிறகு:
மீன்கொத்தி சொன்ன "அந்தரத்தில் தொங்கும்" என்பதுதான் காதல் நாவல் வாசகர்களுக்கும் ஃபேன்டசி வாசகர்களுக்கும் நடக்கும் எல்லாச் சண்டைக்கும் மூலம். தனிக் காதல் நாவலில் புத்தகம் முடிவதற்குள் ஜோடி சேர்ந்தாக வேண்டும், அது எழுதப்படாத ஒப்பந்தம். ஃபேன்டசித் தொடருக்கு அப்படி எதுவும் கிடையாது. ரெண்டையும் கலந்து விற்கும்போது எந்த ஒப்பந்தம் செல்லும் என்று பதிப்பாளர்கள் பின்னட்டையில் சொல்வதில்லை.

நானே ஒரு சோதனை வைத்துப் பார்ப்பது வழக்கம். காதலை உருவிவிட்டால் மிச்சக் கதை ஓடுமா? ஓடும் என்றால் அது ஃபேன்டசி, காதல் மெதுவாகத்தான் வரும். தாஷா சூரியின் 'தி ஜாஸ்மின் த்ரோன்' (2021) அந்த ரகம்.

பவானி வாசிப்பு:
'ஜாஸ்மின் த்ரோன்' பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் "ரொமான்ஸ்" என்று நினைத்து வாங்கிப் பாதியில் விட்டவர்கள் அதிகம். 2022ல் உலக ஃபேன்டசி விருது வாங்கிய நாவல். மாலினி என்ற இளவரசியைச் சிதையேறச் சொல்கிறான் அண்ணன் சந்திரா. தோழிகள் இருவர் எரிய, அவள் மட்டும் மறுக்கிறாள். பாழடைந்த ஹிரணா கோயிலில் சிறை. அங்கே பெருக்கித் துடைக்க இரவில் பாறை ஏறி வரும் பணிப்பெண் பிரியா. ரெண்டு பெண்களுக்கு இடையேதான் காதல்.

இந்தியப் பின்னணி என்றதும் புடவையும் மல்லிகைப்பூவும் தூவிவிட்டுப் போகும் புத்தகம் என்று பயப்பட வேண்டாம். சிதையேறுதலைப் புனிதம் என்று அரசே கொண்டாடும்போது, அதை மறுக்கிற பெண்ணின் அரசியல் எப்படி இருக்கும் என்று யோசித்திருக்கிறார். யட்சர்கள் கருணைத் தெய்வங்களாக இல்லை. காடே விழுங்க வருவது போன்ற பயம். மனிதர் உடம்பில் செடி முளைக்கும் அந்த அழுகல் நோய் வர்ணனை சாப்பிடும்போது படிக்கத் தக்கதல்ல.

குறை என்றால் பார்வைகள். மாலினி, பிரியா, பூமிகா, அசோக், ராவ் என்று அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஆள் மாறும். சில அத்தியாயங்கள் ஒரே முறை வரும் ஆட்களுக்கு. பாதி தாண்டும் வரை யார் எந்தக் கட்சி என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. காதலிலும் மாலினி பிரியாவைப் பயன்படுத்துகிறாளா, நேசிக்கிறாளா என்பது பிரியாவுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. மாலினிக்கு ஊசிமலர்ச் சாறு கொடுத்து மெல்ல மெல்லக் கொல்கிறார்கள். தப்பிக்க அவளிடம் மிச்சம் இருப்பது பேச்சு மட்டும்தான். அதனால் ஒவ்வொரு கனிவான வாக்கியத்தையும் சந்தேகத்தோடு படிக்க வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட தடையை எத்தனை பேச்சுவார்த்தை வைத்தும் தீர்க்க முடியாது, நூலகப்பூனை.

மூன்று பாகங்களும் வந்துவிட்டன, கடைசி 2024ல். காத்திருக்கத் தேவையில்லை.

நூலகப்பூனை:
சரியான உதாரணம். இதே அளவுகோலை மாயம் இல்லாத காதல் நாவலுக்கும் போடலாம். எமிலி ஹென்றியின் 'ஹேப்பி பிளேஸ்' (2023), 'ஃபன்னி ஸ்டோரி' (2024) ரெண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் புரியும். முதலாவதில் ஹேரியட்டும் வின்னும் பிரிந்துவிட்டார்கள், நண்பர்களிடம் சொல்லாமல் ஒரு வாரம் ஜோடியாக நடிக்கிறார்கள். ஏன் பிரிந்தார்கள்? ரெண்டு பேரும் வாயைத் திறக்காததால். முந்நூற்றுச் சொச்சம் பக்கம் அதற்காகக் காத்திருக்க வேண்டும். நண்பர்கள் கூட்டம் அழகு, அதற்காக மட்டும் படிக்கலாம்.

'ஃபன்னி ஸ்டோரி'யில் டாஃப்னியின் வருங்காலக் கணவன் அவளை விட்டுத் தன் பால்யத் தோழியோடு போய்விடுகிறான். அந்தத் தோழியின் காதலன் மைல்ஸ். கைவிடப்பட்ட ரெண்டு பேரும் வாடகைக்காக ஒரே வீட்டில். ஊரை விட்டுப் போகத் துடிப்பவள் ஒருத்தி, ஊரோடு ஒட்டிக்கிடப்பவன் ஒருத்தன். இது நிஜமான தடை. ஆனால் இதிலும் முக்கால் பாகத்தில் ஒரு பிரிவு வருகிறது. கிண்டிலில் 75 சதவீதம் காட்டும்போது யாராவது கோபித்துக்கொண்டு கிளம்பவில்லை என்றால் பதிப்பாளர் ஏற்றுக்கொள்வதில்லை போலும்.

தாழம்பூ:
அந்த 75 சதவீதப் பிரிவே இல்லாத ஒண்ணு வேணும்னா ஹெதர் ஃபாசெட்டோட 'எமிலி வைல்ட்ஸ் என்சைக்ளோபீடியா ஆஃப் ஃபேரீஸ்' (2023). 1909ல கேம்பிரிட்ஜ் பேராசிரியை, பனி மூடின தீவுல தேவதைகளை ஆராயப் போறா. முழுக்க நாட்குறிப்பு, அடிக்குறிப்போட. அந்த அடிக்குறிப்புகள்ல இல்லாத ஆராய்ச்சிக் கட்டுரைகளை வச்சுச் சண்டை போடற நகைச்சுவைக்கே காசு போதும். கூட வேலை செய்யற வெண்டெல் சோம்பேறி, அலட்டல், நாடு கடத்தப்பட்ட தேவதை ராஜா. அவளுக்கோ மனுஷங்களோட பேசவே வராது. ஊர்த்தலைவியை முதல் வாரத்துலயே பகைச்சுக்கறா. படுக்கையறைக் காட்சி எதுவும் கிடையாது, பத்தாவதுக்கும் தைரியமா கொடுக்கலாம். ஆனா வேகம் எதிர்பார்க்காதீங்க.

கருஞ்சிறகு:
டிராவிஸ் பால்ட்ரீயின் 'லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்' (2022) இதே மென்மை ரகம் என்று பலர் பரிந்துரைக்கிறார்கள். வாளைத் தொங்கவிட்ட ஓர்க் பெண் பழைய குதிரை லாயத்தைக் காபிக் கடையாக்குகிறாள். மேசை, அடுப்பு, இலவங்கப்பட்டை ரொட்டி வரை படிக்க இதம். காதல் என்று கேட்டால் மிளகளவு. தடை என்று எதுவும் இல்லாததால் காதலுக்கு எடையும் இல்லை.

மீன்கொத்தி:
அதற்கு நான் ஒப்பவில்லை. அந்தக் கடையில் வேலைக்குச் சேரும் டேன்ட்ரி தன் இனத்தைப் பற்றிய முன்முடிவைச் சுமந்துகொண்டு வருபவள். ஆள் மயக்குவது அவள் பிறவி குணம் என்று எல்லாரும் நினைப்பதால், நெருங்கவே தயங்குகிறாள். சத்தமில்லாத தடை, ஆனால் தடைதான்.

அரைத்தூக்கம்:
எல்லாருக்கும் நன்றி. வாங்குவதற்கு முன் தேறுமா என்று எப்படிப் பார்ப்பது? ஒவ்வொன்றும் ஐந்நூறு பக்கம், காசு கொஞ்சமா?

நூலகப்பூனை:
கிண்டில் மாதிரிப் பகுதியை இறக்குங்க, இலவசம்; ஏறக்குறைய முதல் பத்து சதவீதம் வரும். அதில் நாயகன் தலை காட்டுவதற்கு முன்னாடியே நாயகிக்குத் தனியாக ஏதாவது வேண்டியிருக்கிறதா என்று பாருங்க. வயலட்டுக்கு உயிர் பிழைக்கணும், ஐரிஸுக்கு அண்ணன் வேணும். ஒன்றுமே வேண்டாமல் அழகாக நிற்கிறாள் என்றால் வைத்துவிடலாம். முதல் அத்தியாயத்தில் ஊர், குலம், சக்தி என்று புதுப் பெயர்கள் பத்துக்கு மேல் விளக்கமில்லாமல் வந்தாலும் யோசிங்க. விமர்சனங்களில் அஞ்சு நட்சத்திரத்தையும் ஒன்றையும் விட்டுவிட்டு மூன்று நட்சத்திரக்காரர்களைப் படிங்க, அவர்கள்தான் காரணம் எழுதுவார்கள்.

நடைபாதையில் பாதி விலைக்குக் கிடைப்பது திருட்டுப் பதிப்பு. அட்டை எழுத்து மங்கல், ஓரம் ஒட்ட வெட்டிய பக்கங்கள், வரைபடம் கறுப்புத் திட்டாக இருக்கும், நடுவில் பதினாறு பக்கம் இல்லாமலும் போகும். இந்த வகைக்கு வரைபடம் முக்கியம்.

தாழம்பூ:
பேர் உச்சரிப்புல தடுமாறினா ஒலிநூல் நல்லது. 'ஃபோர்த் விங்'கை ரெபெக்கா சோலர் படிக்கறாங்க, கடைசில ஸேடன் பகுதிக்கு டெடி ஹாமில்டன். ஆனா 'எமிலி வைல்ட்' மட்டும் காகிதத்துலயே படிங்க, அடிக்குறிப்பு காதுல கேட்டா வாக்கியம் அறுந்து போகுது.

அரைத்தூக்கம்:
அப்போ பிள்ளைக்கு 'டிவைன் ரைவல்ஸ்' ரெண்டு பாகமும், எனக்கு 'ஜாஸ்மின் த்ரோன்'. கட்சி எழுதத் தாளும் எடுத்து வச்சாச்சு.

பவானி வாசிப்பு:
தாள் பெருசா இருக்கட்டும். ரெண்டாம் பாகத்தில் இன்னும் ஆட்கள் வருவார்கள்.